கருந்துளைக்கு வாய் கிடையாது

போன மாதம் ஷில்பா போன் செய்தார். மைசூரில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கோளரங்கத்தை இப்போது கவனித்துக்கொள்பவர். தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் பேச்சில் பாதி கன்னடம்.

"சார், கருந்துளை பத்திப் புது ஷோ வருது. அதுக்கு ஒரு மலர் போடறோம். உங்க சர்வீஸ் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்க. தமிழ்லயே எழுதுங்க, நான் கன்னடக்கே மாத்திக்கறேன். ஸ்வீட்டா இருக்கட்டும் சார், ஆயித்தா?"

சரி என்றேன். பிறகு அவர் அனுப்பிய முன்னோட்டத்தைத் திறந்து பார்த்தேன். இருட்டு. நடுவில் ஒரு கறுப்பு வட்டம். வட்டத்தின் ஓரத்தில் சிவப்பாகப் பற்கள் மாதிரி என்னவோ. சிங்கம் உறுமுவதுபோல ஒரு சத்தம். காற்றே இல்லாத இடத்தில் உறுமல் எப்படிக் கேட்கும் என்று அதைச் செய்தவர்கள் யாரும் யோசிக்கவில்லை. கடைசியில் பூமி உருண்டு போய் அந்த வட்டத்துக்குள் விழுகிறது. எச்சில் விழுங்குகிற மாதிரி ஒரு ஓசை. முடிந்தது.

போனைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். "யார் மேல இவ்வளவு கோபம்?" என்று என் மனைவி கேட்டாள். பதில் நீளமானது. அதைத்தான் எழுதுகிறேன். ஸ்வீட்டாக இருக்காது.

என் அப்பா ரயில்வே வேலைக்காக ஜோலார்பேட்டையிலிருந்து மைசூருக்கு வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கல்லூரியில் இங்கிலீஷ் என்று வளர்ந்தேன். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு தனியார் அறக்கட்டளை கோளரங்கம் திறந்தது. மூன்று மொழியில் பேசத் தெரிந்த விளக்கவுரையாளர் வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வருமே, அதற்காக. சேர்ந்தேன். குவிமாடத்தில் நட்சத்திரங்களைக் காட்டும் கருவியை ஓட்டக் கற்றது, முதல் தடவை பேச வேண்டியதை மறந்து நின்றது எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சொல்ல வேண்டியது வைதேகி மேடத்தைப் பற்றி. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர். வானியற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். எங்கள் இயக்குநர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒத்திகையின்போது கடைசி வரிசை மூலை இருக்கையில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் பேச வேண்டும். தவறான வார்த்தை வந்தால், கையிலிருக்கும் பேனாவால் இருக்கையின் மரக்கையில் ஒரு தட்டு தட்டுவார். எது தவறு என்று அவர் சொல்லமாட்டார். நாமே கண்டுபிடித்து, திருத்தி, மறுபடி தொடங்க வேண்டும்.

கருந்துளைப் பகுதியை முதன்முதலில் நான் ஒத்திகை பார்த்த அன்று, "அருகில் வரும் அனைத்தையும் உறிஞ்சி விழுங்கும் இந்த அசுரன்" என்று ஆரம்பித்தேன். தட்டு விழுந்தது. "அனைத்தையும் விழுங்கும் இந்த அசுரன்" என்றேன். மறுபடி தட்டு. மூன்றாம் தட்டுக்குப் பிறகு கண்ணைத் திறந்தார். யாரையும் கன்னட மரியாதையில் 'ரீ' சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

"முருகேசன் ரீ, சூரியனை எடுத்துடுங்க. அதே எடையுள்ள கருந்துளையை அங்க வைங்க. பூமிக்கு என்ன ஆகும்?"

"இழுத்துக்கும் மேடம்."

"ஆகாது. இருட்டும், குளிரும். ஆனா பூமி இப்ப சுத்தற மாதிரியேதான் சுத்திக்கிட்டு இருக்கும். தூரத்துல இருக்கறவங்களுக்கு அது இன்னொரு நட்சத்திரம் மாதிரி ஒரு எடை, அவ்வளவுதான். ரொம்பக் கிட்டப் போனா ஒரு எல்லை இருக்கு. அதைத் தாண்டினா ஒளிகூடத் திரும்பி வராது. அந்த எல்லையில சுவர் கிடையாது, பலகை கிடையாது. அதுக்கு வாயும் கிடையாது, பசியும் கிடையாது. ஜனங்க இருட்டுல உக்காந்து நம்ம குரலை நம்பறாங்க. நோடி, பாருங்க, அதை மறக்காதீங்க."

அன்றிலிருந்து எங்கள் உரையில் விழுங்குதல், அசுரன், பசி மூன்றும் கிடையாது.

காட்சி நடத்துவதற்கு அவர் வகுத்த முறையை எழுதி வைக்கிறேன், யாருக்காவது பயன்படட்டும். ஆட்கள் வருவதற்கு முன்பே உள்ளே போய்க் கருவியின் கண்ணாடியை மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். விளக்கு எரியும்போதே வணக்கம் சொல்லி, இருட்டில் பயம் வந்தால் எந்தக் கதவு வழியாகப் போகலாம் என்று காட்ட வேண்டும். பிறகு சூரியனை இறக்க வேண்டும். குவிமாடத்தின் அடிவிளிம்பைச் சுற்றி எங்கள் ஊரின் நிழலுருவம் வரையப்பட்டிருக்கும். ஒரு பக்கம் சாமுண்டி மலை, ஒரு பக்கம் அரண்மனைக் கோபுரங்கள். சூரியன் இறங்கி முடிகிற வரை பேசக்கூடாது. கண் இருட்டுக்குப் பழகும் முன் நட்சத்திரத்தைக் காட்டினால் பாதிப் பேருக்குத் தெரியாது. அம்புக்குறியை மெதுவாக நகர்த்த வேண்டும், ஆட்டக்கூடாது. கடைசியில் விடியலையும் மெதுவாகத்தான் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகு விளக்கவுரையாளர் ஓடிப்போய் வெளியேறும் கதவில் நிற்க வேண்டும். "ஷோ முடியறது கதவுலதான்" என்பார் மேடம். மனதில் கேள்வியோடு போகிறவர்கள் நம் முகத்தைப் பார்த்தால் நின்று கேட்பார்கள்.

கதவில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "பிரபஞ்சம் எங்க முடியுது?" என்பது. அதற்காக ஒரு கால்பந்தும் ஒரு தாளும் வைத்திருந்தோம். தாளில் முக்கோணம் போட்டால் மூன்று கோணமும் சேர்ந்து நூற்றெண்பது டிகிரி. பந்தின் மேல் போட்டால் அதற்கு மேல் போகும். பரப்புக்கு வெளியே போகாமலே, அதன் மேல் இருந்துகொண்டே, வளைவு உண்டா இல்லையா என்று கண்டுபிடிக்கலாம். விண்வெளியிலும் அப்படித்தான் பெரிய பெரிய முக்கோணங்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். அளந்த வரைக்கும் அது தாளைப் போலத் தட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் முடிவில்லாமல் போகிறதா, எங்காவது சுற்றித் தன்னிடமே திரும்பி வருகிறதா என்பது தெரியாது. அந்தத் 'தெரியாது' என்ற சொல்லை, மற்றச் சொற்களைச் சொல்கிற அதே குரலில் சொல்ல வேண்டும். முணுமுணுக்கக்கூடாது, மழுப்பக்கூடாது. அதற்கும் ஒத்திகை உண்டு.

மேடம் ஓய்வு பெற்றார். அறக்கட்டளையில் பெரியவர்கள் போய்ப் பிள்ளைகள் வந்தார்கள். கோளரங்கத்தை 'லாபத்தில் ஓட வைக்க' கிரண் என்று ஒருவரை நியமித்தார்கள். அதற்கு முன் கல்யாண விழாக்கள், கார் அறிமுக விழாக்கள் நடத்திய கம்பெனியில் இருந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். பிறந்தநாள் என்றால் ஞாபகமாகக் கேக் வாங்கி வருவார். ஆனால் ஒரு காட்சியையும் முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. கதவருகே நின்று கூட்டத்தின் முகத்தைப் பார்ப்பார், போனைப் பார்ப்பார், போய்விடுவார். வந்த வாரமே என்னைக் கூப்பிட்டார்.

"முருகேஷ், உங்க ஸ்கிரிப்ட்ல நிறைய எடத்துல 'தெரியாது' வருது. தெரியாதுன்னு சொல்றதுக்கு யாரு டிக்கெட் வாங்குவாங்க?"

என் பெயர் முருகேசன். அதையும் அவர் கடைசி வரை கற்றுக்கொள்ளவில்லை.

பிறகு அந்த வதந்தி வந்தது. எங்கிருந்தோ ஒரு கருந்துளை பூமியை நோக்கி அலைந்து வருகிறது, இரண்டு மாதம் கழித்து இன்ன வெள்ளிக்கிழமை உலகம் முடிந்துவிடும் என்று போனுக்குப் போன் ஒரு வீடியோ பரவியது. தொலைக்காட்சியில் ஜோசியர்களை உட்கார வைத்து மணிக்கணக்கில் பேசினார்கள். எங்கள் அலுவலகத்துக்கு ஜனங்கள் போன் செய்து "நிஜமா சார்?" என்று கேட்டார்கள். நான் கிரணிடம் போய், வாசலில் ஒரு பெரிய பலகை வைப்போம், ஒரு வாரம் இலவசமாகப் பேசுவோம் என்றேன்.

"பலகையா?" என்றார். "முருகேஷ், ஊரே இதைப் பத்திப் பேசுது. இதுதான் நம்ம சான்ஸ்."

பெங்களூரில் ஒரு கம்பெனியில் அவசரமாக ஒரு படம் செய்து வாங்கினார்கள். பெயர் 'கடைசி இருள்'. பதிவு செய்த குரல். இருக்கைகளுக்கு அடியில் ஸ்பீக்கர் வைத்து அதிரச் செய்தார்கள். முடிவில் குவிமாடம் முழுக்கக் கறுத்துவிடும். அந்த இருட்டில் கனத்த குரல் ஒன்று கேட்கும்: "அடுத்தது நம் பூமியா?" அவ்வளவுதான். விளக்கு பளீரென்று எரியும். கதவு திறக்கும்.

போட்டுக் காட்டிய அன்று எழுந்து நின்றேன். "இந்தக் கேள்விக்குப் பதில் நமக்குத் தெரியும் சார். 'இல்லை' என்பதுதான் பதில். அதை ஏன் சொல்லவில்லை?"

"கேள்வியாத்தானே கேக்கறோம்? பொய் ஒண்ணும் சொல்லலையே" என்றார் கிரண். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதில் இயற்பியல் படித்தவர்கள் இரண்டு பேர்.

பொய் சொல்கிறவனையாவது பிடிக்கலாம். தெரிந்த பதிலை வாயில் அடக்கிக்கொண்டு கேள்வியை மட்டும் இருட்டில் வீசுகிறவனை எந்த வார்த்தையால் பிடிப்பது? அந்தக் காட்சிக்கு நான் நிற்கமாட்டேன் என்றேன். சரி என்று என்னை வெளியே நுழைவாயிலில் போட்டார்கள். டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வேலை.

அங்கே நின்றிருந்தபோதுதான் ஒரு நாள் மத்தியானம் சின்னராசு வந்தார். டைல்ஸ் பதிக்கிறவர். ஹனூர்ப் பக்கம் சொந்த ஊர், வேலைக்காக மைசூரில் குடியிருந்தார். கையில் காய்ந்த சிமென்ட். யாரையோ அடிக்க வந்தவர் மாதிரிதான் நின்றார்.

"இங்க உலகம் அழியற படம் காட்டறது யாருங்க?"

"என்ன விஷயம், சொல்லுங்க."

அவர் மனைவி பழனியம்மா. கட்டட வேலையில் சித்தாள். மார்பில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று தேதி கொடுத்திருந்தார்கள். பயத்தில் இருந்தவளுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று, கூட வேலை செய்கிற பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் படத்துக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள். வந்து பார்த்துவிட்டுப் போனவள், ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"உலகமே போகப் போவுது, நா எதுக்கு அறுத்துக்கிட்டு ஆஸ்பத்திரில கெடந்து சாகோணும்ங்கறா. கொழந்தைங்ககூட இருக்கறேன்னு ஊருக்குப் போயிட்டாளுங்க. தேதியும் போயிருச்சு. நா சொன்னாக் கேக்க மாட்டீங்கறா. உனக்கு என்ன தெரியும், அத்தன பெரிய கட்டடத்துல சொல்றாங்கன்னு என்னையவே கேக்கறா." கோளரங்கக் கதவைக் காட்டிச் சொன்னார்: "நீங்கதான காட்டுனீங்க? நீங்களே வந்து இல்லைன்னு சொல்லுங்க."

நியாயமான கோரிக்கை. அதைவிட நியாயமான ஒன்றை என் வேலைக்காலத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அவரை உட்கார வைத்துவிட்டுக் கிரணிடம் போனேன். படத்தை நிறுத்துங்கள், குறைந்தபட்சம் கடைசியில் ஒரு வரி சேருங்கள், ஆள் அனுப்பி அந்த அம்மாவிடம் பேசச் சொல்லுங்கள் என்றேன். அவர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பாவம்தான். ஆனா மக்களோட அறியாமைக்கு நாம எப்படிப் பொறுப்பாக முடியும்? நாம ஆள் அனுப்பினா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடும். நீங்களும் போகாதீங்க."

அறியாமை. அறியத்தானே அந்த அம்மா உள்ளே வந்தார்? நாம் அல்லவா அதை அவருக்கு ஊட்டி அனுப்பினோம்? இதைச் சொன்னேன். கதவைச் சாத்தாமல் வெளியே வந்தேன். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சின்னராசுவோடு ஹனூர் போகிற கொள்ளேகால் பஸ் ஏறினேன்.

அவருடைய அக்கா வீட்டு முற்றத்தில் பழனியம்மா புளி உடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நான் யார் என்று சின்னராசு சொன்னார். அவர் கையை நிறுத்தவில்லை.

"அங்க ஏசி போட்டு, இருட்டாக்கி, நெலமெல்லாம் ஆடற மாதிரி காட்டுனாங்க. நீங்க வெறுங்கையோட வந்து இல்லைங்கறீங்க. நா எதை நம்பறது?"

உண்மைக்கு ஏசியும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. இதுவரைக்கும் கண்டுபிடித்ததில் மிகப் பக்கத்தில் இருக்கிற கருந்துளையின் பக்கத்திலிருந்து ஒளி கிளம்பினால்கூட இங்கே வர ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும் என்றேன்.

"கண்டுபுடிச்சதுல அது பக்கம். கண்டுபுடிக்காதது?"

"இருக்கலாம்மா. ஆனா அப்படி ஒண்ணு நம்ம பக்கம் வந்தா, முதல்ல தூரத்துல இருக்கற கிரகங்களோட பாதை தள்ளாடும். அதை நாள்தோறும் அளந்துக்கிட்டு இருக்காங்க. எதுவும் தள்ளாடல. அவங்க சொல்ற வெள்ளிக்கெழமை ஒண்ணும் வராது. அது நிச்சயம்."

"எல்லாமே நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு?"

"இல்லம்மா. தெரியாததுதான் அதிகம். இந்தப் பிரபஞ்சத்துக்கு முடிவு இருக்கா, இல்ல சுத்தி வருதா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கருந்துளைக்கு உள்ள ஆழத்துல என்ன நடக்குதுன்னும் தெரியாது. ஆனா அது இங்க வரலைங்கறது தெரியும்."

புளியை உடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. என்னை நன்றாகப் பார்த்தார்.

"அங்க ஒருத்தரும் தெரியாதுன்னு சொல்லவே இல்லைங்க" என்றார்.

அக்கா காபி கொண்டுவந்தார். பழனியம்மா எழுந்து கையைக் கழுவினார். கழுவியபடியே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "ரொம்ப வலிக்குமாங்க?" என்று கேட்டார். ஆபரேஷனைத்தான் கேட்டார். பயம் எங்கே இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருந்த பயத்துக்கு நாங்கள் ஒரு காரணத்தைத் தயாரித்துக் கையில் கொடுத்திருக்கிறோம். அது எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேட்போம் என்றேன்.

மூவரும் சேர்ந்தே மைசூருக்குத் திரும்பினோம். ஆஸ்பத்திரியில் போன தேதி போனதுதான். வரிசை நீளம். புதுத் தேதி வர வாரங்கள் ஆயின. அதற்குள் கட்டி அக்குள் வரை பரவியிருந்தது. ஆபரேஷன் நடந்தது, மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, கொஞ்ச காலம் தேறினார். மறு வருஷம் மழைக்காலத்தில் இறந்துபோனார்.

முதல் தேதியிலேயே செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் சின்னராசு கேட்டபோது நானும் இருந்தேன். "சொல்ல முடியாதுப்பா, எனக்குத் தெரியாது" என்றார் டாக்டர். நேராகப் பார்த்துச் சொன்னார். அந்தத் 'தெரியாது' நேர்மையானது. அதனால்தான் அதைத் தாங்கவே முடியவில்லை. பிழைத்திருப்பார் என்றால் ஒருவரைக் குற்றம் சொல்லலாம், பிழைத்திருக்கமாட்டார் என்றால் மனதைத் தேற்றலாம். எங்கள் கோளரங்கம் அந்த மனிதருக்கு இரண்டையும் மிச்சம் வைக்கவில்லை.

நான் ஹனூரிலிருந்து திரும்பிய மறுநாளே வேலைக்குப் போனேன். டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். காட்சி முடிகிற நேரம் பார்த்து வெளியேறும் கதவுக்குப் போய் நின்றேன். வெளியே வந்த ஒவ்வொரு கூட்டத்திடமும் மூன்று மொழியிலும் சொன்னேன்: "கடைசியாகக் கேட்ட கேள்விக்குப் பதில், இல்லை. பூமிக்கு ஒன்றும் ஆகாது. சந்தேகம் இருந்தால் நின்று கேளுங்கள்." சிலர் சிரித்தார்கள். சிலர் "இதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே" என்று சண்டைக்கு வந்தார்கள். நிறையப் பேர் நின்றார்கள். ஒரு பாட்டியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில், "ஒரு வாரமாகத் தூங்கவில்லையப்பா" என்றார்.

கிரண் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். விளக்கம் கொடுப்பதுதான் என் வேலை, எனக்குக் கொடுத்த நியமன உத்தரவிலேயே 'விளக்கவுரையாளர்' என்றுதான் போட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். அறங்காவலர்களின் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பழனியம்மாவின் பெயரைச் சொல்லி நடந்ததைச் சொன்னேன். தேநீர் வந்தது. நன்றி, கவனத்தில் கொள்கிறோம் என்றார்கள். அப்போது அவர் புதுத் தேதிக்குக் காத்திருந்தார்; எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது, போனது. சனிக்கிழமை கூட்டம் இல்லை. அடுத்த வாரம் 'கடைசி இருள்' சுவரொட்டியின் மேலேயே டைனோசர் சுவரொட்டியை ஒட்டினார்கள். மன்னிப்பு வேண்டாம், திருத்தமாவது ஒரு வரி? அதுவும் கிடையாது. என்னை மறுபடி உள்ளே எடுக்கவில்லை. நுழைவாயிலிலேயே ஓய்வு பெற்றேன். சால்வை போட்டார்கள். போட்டவர் கிரண்தான்.

வைதேகி மேடத்திடம் இதையெல்லாம் ஒருமுறை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பயமுறுத்தறவங்களுக்கு ஒத்திகை தேவையில்ல ரீ" என்றார். அவர் கோபத்தில் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அப்போதும் குரல் உயரவில்லை.

இப்போது கிரண் இல்லை. வேறு ஊரில் வேறு பெரிய வேலையில் இருக்கிறார். ஆனால் படம் வந்திருக்கிறது, பல்லோடு. ஷில்பாவுக்குத் திரும்பப் போன் செய்து கடைசியில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

"எல்லாம் ரெடிமேடா வருது சார். கம்ப்யூட்டரே ஓட்டிக்குது. லைட் போடறதுகூட அதுதான். விளக்கவுரையாளர் போஸ்ட்டையே எடுத்துட்டாங்க. நா என்ன சார் பண்றது?" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கதவில் போய் நில்லுங்கள், அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம் என்றேன்.

முதல் காட்சிக்கு நான் போகிறேன். அழைப்பிதழ் இல்லாவிட்டாலும் போகிறேன். வெளியேறும் கதவுக்கு அந்தப் பக்கம் நடைபாதை மாநகராட்சிக்குச் சொந்தம், அங்கே நிற்க யாருடைய மெமோவும் தேவையில்லை.

சின்னராசு இன்னும் மைசூரில்தான் இருக்கிறார். இப்போது குவெம்பு நகரில் ஒரு வீட்டுக்கு டைல்ஸ் போடுகிறார். அவரிடம் இதைச் சொல்லவே கூடாது என்று நினைத்திருந்தேன். ஆனால் சுவரொட்டியை அவரே பார்த்துவிட்டார். நேற்றுக் காலை வேலைக்குப் போகிற வழியில் என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நீங்க போயி நிப்பீங்கன்னு தெரியுமுங்க" என்றார். "நானும் வாரேன். நீங்க அவங்களுக்கு இல்லைன்னு சொல்லுங்க. நீ யாரு, எதுக்கு இங்க நிக்கறேன்னு என்னையக் கேட்டா, எம் பொண்டாட்டி பேரச் சொல்றேன்."